மிச்சம் விடாத மேசை

குடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அந்த வாரத்து வெள்ளிக்கிழமையே குடித்தேன். ஆசையால் அல்ல. சாராயத்தின் மணமே எனக்குப் பிடிக்காது. வீட்டில் ஒருநாளும் போத்தல் வைத்ததில்லை. கல்யாண வீடுகளில் பின்வளவுக்குக் கூப்பிட்டால் தலையிடி என்று சொல்லித் தப்பிவிடுவேன். ஆனால் கண்டியில், நான் வேலை பார்க்கும் கந்தோரிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இறங்கினால் வரும் அந்தப் பாரில், வெள்ளிக்கிழமை மேசையில், தலையிடி செல்லாது. எந்த இடியும் செல்லாது.

அதற்கு முந்திய கிழமை ஒரு விடியற்காலையில் இரத்தமாக வாந்தியெடுத்திருந்தேன். இரைப்பையில் புண். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மருந்துத் துண்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "இன்னொருமுறை இப்படி வந்தால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது. கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வழியில் உள்ள சோதனைச் சாவடிகளையெல்லாம் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேருவீர்களா என்று எனக்குத் தெரியாது." நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதி, 'இனி இல்லை' என்று கீழே கோடிட்டேன். ஐந்தாம் நாளே கோடு பொய்யாகிவிட்டது.

அந்த மேசை எப்படித் தொடங்கியது என்று சொன்னால்தான் இது விளங்கும். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது எங்கள் திணைக்களத்தில் தமிழர் இருவர்தான். ஒருவன் நான், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தவன். மற்றவன் பன்வில தோட்டத்திலிருந்து படித்து வந்த இளைய லிகிதன், கத்தோலிக்கன். தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்திய அந்த நாட்களில் என்னையும் மனைவியையும் எங்கள் பிரதம லிகிதர் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துக் காப்பாற்றினார். சிங்களவர், பருமனான உடம்பு, பெரிய குரல். பன்விலக்காரனைக் கந்தோர் வாயிற்காவலாளி தன் அறையில் ஒளித்து வைத்திருந்தார். கந்தோர் மறுபடி திறந்த வாரத்து வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் பிரதம லிகிதர் எங்கள் இருவரின் தோளிலும் கை போட்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி நடத்திக்கொண்டு போய் அந்தப் பாரில் உட்கார வைத்தார். வாசலுக்கு நேரே இருந்த மேசை. எங்களை நடுவில் இருத்தினார்.

"ஊர் பார்க்கட்டும்," என்றார். "நாளைக்கு எவனாவது கை வைக்க நினைத்தால், இவன்கள் யாரோடு குடிக்கிறவன்கள் என்று தெரிந்திருக்கட்டும்." அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அன்று நான் குடித்தது மருந்து குடிப்பதைப் போல. கண் கலங்கியது. சாராயத்தால் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதுவே நடந்தது. யுத்தம் வளர வளர மேசையும் உறுதியாகியது. அதற்கென்று விதிகளும் வந்துவிட்டன. கிளாஸ் கணக்கில் வாங்கக்கூடாது. முழுப் போத்தல்தான் மேசைக்கு வரவேண்டும். ஊற்றுகிறவர் பிரதம லிகிதர் மட்டும். நீங்கள் வெயிற்றரிடம் கடலை கேட்கத் திரும்பினால், திரும்பி வரும்போது கிளாஸ் நிறைந்திருக்கும்; ஆகையால் எவ்வளவு குடித்தோம் என்று யாருக்குமே தெரியாது. எல்லாவற்றிலும் பெரிய விதி, மேசையில் மிச்சம் விட்டு எழும்பக்கூடாது. போத்தலிலும் கூடாது, கிளாசிலும் கூடாது. மிச்சம் விட்டுப் போவது, கூட இருந்தவர்களை விட்டுப் போவதற்குச் சமம் என்று அவர் சொல்வார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் ஒருவரும் விட்டுப் போனதில்லை.

வெளியிலும் அதற்கு மதிப்பு இருந்தது. அந்தக் காலத்தில் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்காரர் குடிக்கவும் மாட்டார்கள், புகைக்கவும் மாட்டார்கள் என்பது எல்லாப் பொலிஸ்காரனுக்கும் தெரிந்த செய்தி. தென்னக்கும்புரப் பாலத்தடியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த கான்ஸ்டபிள் என்னைத் தனியே நிறுத்தினான். பிறகு கிட்ட வந்து மோந்து பார்த்தான். முகம் தெளிந்தது. "இது குடிகார ஆள், விடு," என்று மற்றவனிடம் சொன்னான். பஸ்ஸுக்குள் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, நாறினால்தான் நல்லவன் எண்டு விடுறாங்களெண்டால், இது என்ன ஊரப்பா?" என்றாள்.

இரத்த வாந்திக்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவரிட்ட நேர சொல்லுங்கோ. நல்ல மனுசன்தானே. விளங்கும்."

நேரே சொன்னேன். டாக்டர் துண்டையும் மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரதம லிகிதர் அதைக் கவனமாக வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். "மச்சான், இந்த டாக்டர் யாரென்று தெரியுமா? அந்த மூலை மேசையில் வியாழக்கிழமைகளில் இருப்பார். அவருக்கும் புண் இருக்கிறது." மேசை குலுங்கிச் சிரித்தது. பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மிளகு போட்டுக் குடித்தால் புண் ஆறும். முட்டை அடித்துக் குடித்த மாமா எண்பது வயது வரைக்கும் இருந்தார். வெறும் வயிற்றில் குடித்ததுதான் பிழை, பைட் என்று ஏதாவது கூடவே தின்ன வேண்டும். என் முன்னால் பொரித்த ஈரல் தட்டு ஒன்று வந்து நின்றது. கிளாசும் நின்றது. அன்பாகத்தான் வைத்தார்கள். கோபமாக வைத்திருந்தால் நான் தள்ளியிருப்பேன்.

கடைசி பஸ்ஸைச் சாட்டிப் பார்த்தேன். கந்தோர் ஜீப்பில் கொண்டுபோய் விட ஒழுங்கு செய்தார்கள். மனைவிக்குச் சுகமில்லை என்றேன். அடுத்த நாள் காலை பிரதம லிகிதரின் மனைவி கஞ்சியும் தோடம்பழமும் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். என் மனைவி கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவர்கள் இருவரின் முகத்தையும் பார்க்க எனக்கு ஏலாமல் போய்விட்டது.

பிறகுதான் தேத்தண்ணித் திட்டம். போயா என்ற பௌர்ணமி தினங்களில் பார்களைப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு வேண்டியவர்களுக்கு அந்தப் பாரின் பின்பக்கத்தில் சாராயத்தைத் தேத்தண்ணிக் கேத்தலில் ஊற்றிக் கோப்பையில் கொடுப்பார்கள். நிறம் ஒன்றுதான். அப்படியானால் இதைத் திருப்பிச் செய்தால் என்ன என்று தோன்றியது. வெயிற்றருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிசயமாகப் பார்த்தார். இருபது வருட வேலையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். ஆனாலும் ஒத்துக்கொண்டார். நான் கைகழுவ எழும்புகிற வேளையில் என் கிளாசை எடுத்துப்போய், ஆறின வெறுந்தேத்தண்ணியோடு திருப்பிக் கொண்டு வந்து வைப்பார்.

சில வெள்ளிகள் நன்றாகப் போயின. ஆனால் மேசையில் யாரும் நிதானத்தைச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். எல்லோரும் நாக்குக் குழறும் நேரத்தில் நான் மட்டும் சம்பள உயர்வுச் சுற்றறிக்கையை வரி பிசகாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். "பாருங்கள்," என்று பிரதம லிகிதர் மற்ற மேசைகளுக்கும் கேட்கச் சொன்னார், "புண்ணாம் புண். இந்த மனிதன் எங்கள் எல்லோரையும் குடித்து விழுத்துவான்!" பக்கத்து மேசை ஒப்பந்தகாரர் ஒருவர் என் திறமையைப் பாராட்டி இன்னொரு போத்தல் அனுப்பினார். தேத்தண்ணி குடித்ததால் எனக்கு இரட்டிப்பாகச் சாராயம் வந்தது. இதை அன்றைய நாட்குறிப்பில் எழுதும்போது பேனாவை மேசையில் எறிந்தது நினைவிருக்கிறது.

திட்டத்தைக் குலைத்தவன் பன்விலக்காரன். ஒருநாள் பேச்சு மும்முரத்தில் என் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்தான். நின்றான். என்னைப் பார்த்தான். கிளாசை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன்னுடையதை எடுத்து ஒரே மூச்சில் முடித்தான். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தான்.

"அண்ணே, அது டீத்தண்ணி."

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாள். எனக்கு ஏலாது தம்பி. உனக்குத் தெரியும்தானே."

"எனக்கு மட்டும் ஏலுமா?" என்று வீதியில் நின்றுவிட்டான். "எங்கப்பா கள்ளுத் தவறணையிலயே விழுந்து செத்தவரு. வாசம் பட்டாலே எங்கம்மா சோத்துத் தட்ட எடுத்துக்கிட்டு வெளிய போயிரும். நான் ஏன் குடிக்கிறேன்னு நெனைக்கிறீங்க? நீங்க குடிக்கிறீங்களேன்னுதான். யாழ்ப்பாணத்து ஆளு, படிச்சவரு, அவரே உக்காந்து குடிக்கிறாரு, நாம எந்திரிச்சா நல்லாருக்காதுன்னு."

"நான் உன்னைக் குடிக்கச் சொன்னேனா?"

"சொல்லணுமாண்ணே?" என்றான். "இப்ப நீங்க நிப்பாட்டிட்டீங்க. நாளைக்கு வராமயும் இருப்பீங்க. அப்ப நான் ஒருத்தன் தனியா அங்க நடுவுல உக்காந்திருக்கணும். ஏதாச்சும் குண்டு வெடிச்ச அன்னிக்கி அந்த மேசையில எல்லாரும் யார பாப்பாங்க? ரெண்டு பேரு இருந்தா பாதிப் பாதியா பாப்பாங்க. ஒருத்தன் இருந்தா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வயிற்றில் புண். இவன் அதைக் கட்சி மாறுவதுபோலப் பேசுகிறான். நான் குடித்தால் அவனுக்குத் துணை, குடிக்காவிட்டால் அவனுக்குத் துரோகம். இவன் குடித்தால் அதற்கும் நான் பொறுப்பு. பஸ்ஸில் ஏறினேன். அவன் யன்னலடியில் நின்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே, நீங்க பயப்படாதீங்க," என்றான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வழி சொன்னவர் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர். அக்குறணை முஸ்லிம், என்னைவிட மூத்தவர், அவரை நான் நானா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்குப் போய்விட்டு வந்து கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒருவரும் அவரை மேசைக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாததை ஒருவரும் குறையாகவும் நினைத்ததில்லை. எனக்கு அது பெரிய பொறாமை. கேட்டேவிட்டேன்.

"நானா, உங்களை மட்டும் ஏன் ஒருத்தரும் வற்புறுத்துறேல்லை?"

"எங்களுக்கு ஹராம் எண்டு ஒரு சொல்லு ஈக்கி. அதுக்குப் பொறகு பேச்சில்ல," என்றார். "நீங்க டொக்டர் சென்னார் எண்டு செல்றீங்க. டொக்டருக்கு ஆரு பயம்? சாமிய செல்லுங்க. அதுவும் அவங்களும் பயப்படுற சாமியா பாத்துச் செல்லுங்க."

அவங்களும் பயப்படுகிற சாமி யார் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி வைத்தவனிடம் எந்தச் சிங்களவனும் விளையாட மாட்டான். பிரதம லிகிதரின் கந்தோர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கதிர்காமப் படம் ஒன்று இருந்தது. ஆனால் சாமி பெயரில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை குளித்து, மனைவியோடு கண்டி நகருக்குள் இருக்கும் கதிர்காமக் கந்தன் தேவாலயத்துக்குப் போனேன். மஞ்சள் துணியில் நாணயம் முடிந்து பூசகரிடம் கொடுத்தேன்.

"என்ன நேர்த்தி?"

"மதுபானம் தொடுறேல்லை."

"எது வரைக்கும்?"

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். வேறு யாராக இருந்தாலும் 'அவன் விட்ட வழி' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். எனக்கோ ஒரு கேள்விக்கு நேரான மறுமொழி கொடுக்காமல் நிற்க ஏலாது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலே திருப்பி அனுப்புகிறவன் நான். யோசித்துவிட்டு, "கதிர்காமம் போய்த் தரிசிக்கும்வரை," என்றேன். யுத்த காலத்தில் ஒரு தமிழன் தெற்கே அத்தனை தூரம் எப்படிப் போவது? போகவே மாட்டேன், நேர்த்தியும் முடியவே முடியாது. கெட்டித்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். பூசகர் மந்திரம் சொல்லி முடிச்சைச் சந்நிதியில் வைத்தார். மனைவி கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மேசையில் சொன்னேன். மந்திரம் போட்டதுபோலச் சத்தம் அடங்கியது. பிரதம லிகிதர் ஊற்றப்போன கையை இழுத்துக்கொண்டார். என் கிளாசைத் தானே எடுத்து வெயிற்றரிடம் கொடுத்து, "இதைக் கழுவி அப்பால் வை," என்றார். "நேர்த்தி வைத்த மனிதன் இங்கே உட்காரவும் கூடாது. வீட்டுக்குப் போ மச்சான்." நான் எழும்பினேன். போத்தலில் மிச்சம் இருக்க நான் எழும்பிய முதல் நாள். பன்விலக்காரன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன என்று எழுதத்தான் ஆசை. வயிறு ஆறியது. வெள்ளி மாலை வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்து, மனைவியோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டேன். ஆனால் கந்தோரில் எனக்கு முன்னால் உள்ள மேசையில் பன்விலக்காரன் இருந்தான். திங்கட்கிழமைகளில் அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கூட்டல் பிழைத்தது. என்னிடம் திருத்தக் கொடுப்பான், நான் திருத்துவேன். கடைசியில் களஞ்சியத்து நானாதான் சொன்னார்: "ஒங்கட பங்கையும் அவன்தான் குடிக்கிறானாம். அண்ணனுக்குப் பதில் நான் எண்டு கிளாச நீட்டுறானாம். அதுக்குக் கை தட்டுறாங்களாம்."

அவனிடம் போனேன். "உனக்கென்ன விசரோ? ஆர் கேட்டது உன்னை?"

"யாரும் கேக்கலண்ணே. உங்க எடம் காலியா இருந்தா கேள்வி வரும். கிளாசு நெறஞ்சா வராது." சிரித்தான். "உங்களுக்கு முருகன் இருக்காரு. எனக்குக் கிளாசு."

அதே வாரத்தில் பிரதம லிகிதர் என் மேசைக்கு வந்து, முகமெல்லாம் சந்தோஷமாக, ஒரு வான் பேசியிருப்பதாகச் சொன்னார். கதிர்காமத்துக்கு. என் நேர்த்தியை முடிக்க.

"நீ தனியாகப் போகமாட்டாய் என்று எங்களுக்குத் தெரியும், பாவம். வழியெல்லாம் ஆமி. நாங்கள் கொண்டு போகிறோம்."

சாமியிடம் போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் மனைவி முதலில் மகிழ்ந்தாள். பிறகு முகம் மாறியது. "தரிசிக்கும்வரை எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றாள். "ஓம்," என்றேன். "உங்கட இந்தத் திருத்தமான வாய்," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

பிரதம லிகிதர், பன்விலக்காரன், கந்தோரில் இன்னும் இருவர், சாரதி, நான். நுவரெலியாவைத் தாண்டி, வெல்லவாய வழியாக இறங்கினோம். மாதா கோவிக்கமாட்டாவா என்று பன்விலக்காரனைப் பகிடி பண்ணினார்கள். "மாதாகிட்ட பெர்மிஷன் எழுதி வாங்கிட்டேன்," என்றான். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் பிரதம லிகிதர் பழத்தட்டைத் தூக்கி யன்னலில் காட்டி, கதிர்காமம் போகிறோம் என்பார். ஓரிடத்தில் என் அட்டையை நெடுநேரம் பார்த்த சிப்பாயிடம், "அபே கெனெக்," என்றார். நம்ம ஆள் என்று அர்த்தம். சிப்பாய் அட்டையைத் திருப்பித் தந்தான். இப்படி ஒரு மனிதனிடம் நான் எதை மறுப்பது?

மாணிக்க கங்கையில் குளித்து, பழத்தட்டோடு சந்நிதிக்குப் போனோம். திரைச்சீலைக்கு முன்னால் நின்று எல்லோரும் எதையெதையோ வேண்டிக்கொண்டார்கள். நான் இன்னொரு நேர்த்தி வைக்கப் பார்த்தேன். உடனேயே வைக்கலாமோ, அது மரியாதையோ என்று எனக்குள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்றவர்கள் தள்ளி என்னை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

கதிர்காம எல்லைக்குள் போத்தல் திறக்கக்கூடாது என்பதில் பிரதம லிகிதர் கண்டிப்பாக இருந்தார். எல்லை தாண்டியதும், வெல்லவாயவுக்கு இப்பால் ஓர் ஆற்றோரத்தில் மருத மரத்தடியில் வானை நிறுத்தச் சொன்னார். பாய் விரித்தார்கள். சாக்கு ஒன்றிலிருந்து அவர் எடுத்த போத்தல் சாதாரணச் சாராயம் அல்ல. பல வருடம் பீப்பாயில் ஊறிய பழைய சரக்கு. "நீ நேர்த்தி வைத்த கிழமையே வாங்கி வைத்தேன்," என்றார். "இன்றைக்குத் திறக்க." முதல் கிளாஸ் எனக்கு ஊற்றினார்.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"நேர்த்தி முடிந்துவிட்டதே."

"முடிஞ்சுது. ஆனால் எனக்கு வேண்டாம். டாக்டர் சொன்னதுக்காக இல்லை. சாமிக்காகவும் இல்லை. எனக்கு விருப்பமில்லை."

இத்தனை வருடத்தில் அதை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னதும் நெஞ்சு இலேசாகும் என்று எதிர்பார்த்தேன், ஆகவில்லை. அவருடைய பெரிய முகம் சிறியதாகப் போயிற்று. கோபிக்கவில்லை. பின்னறையைப் பற்றியோ பழத்தட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. "அப்படியானால் இவ்வளவு நாளும் எங்களோடு விருப்பமில்லாமல்தான் இருந்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்தது விருப்பம். குடிச்சதுதான் விருப்பமில்லை."

"இரண்டும் ஒன்றுதானே," என்றார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. மற்ற இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். சாரதி வானைச் சுற்றிப் போய் ரயரை உதைத்துப் பார்த்தான். அப்போது பன்விலக்காரன் எட்டி என் கிளாசை எடுத்தான். "அண்ணனுக்குப் பதில் நான்!" என்று குடித்தான். ஒருவர் கை தட்டினார். பிரதம லிகிதரும் பிறகு தட்டினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. கண்டிக்கு வரும்வரை அவன் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினான். வாயெல்லாம் அந்தப் பழைய சரக்கின் மணம்.

அடுத்த வெள்ளி நான் மேசைக்குப் போனேன். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "குடிக்கப் போறேல்லை. இருக்கப் போறன்," என்றேன். என்னைப் பார்த்ததும் ஆரவாரம். பிரதம லிகிதர் எழும்பி இடம் விட்டார். சோடா கேட்டேன். சோடாவும் வந்தது, கூடவே வழக்கமான கிளாசும் வந்து நிறைந்தது. குடிக்காவிட்டாலும் என் இடத்தில் ஒரு கிளாஸ் இருக்க வேண்டுமாம். அதுதான் என் மேல் அவர் வைத்த மரியாதை. நான் தொடவில்லை. வேளை பார்த்துப் பன்விலக்காரனின் கை வந்து எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நான் போகாமலிருந்தால் அவன் தனியே. போனால் அவனுக்கு இரண்டு பங்கு. எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் அவனுடைய வாயிலேயே போய் முடிந்தது.

மூன்றாம் வெள்ளி, ஊற்றி முடிந்ததும் கிளாசை நானே கையில் எடுத்தேன். மேசை ஒரு கணம் நிமிர்ந்தது. குடிக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். நான் குடிக்கவில்லை; கீழேயும் வைக்கவில்லை. இடது கையால் கடலை தின்றேன், வலது கையில் கிளாஸ். கிரிக்கெட் பேசினார்கள், இடமாற்றப் பட்டியல் பேசினார்கள், நானும் பேசினேன். பன்விலக்காரன் இரண்டு முறை கையை நீட்டினான். "பிறகு," என்றேன்.

போத்தல் முடிந்தது. மற்றவர்களின் கிளாசும் முடிந்தது. எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன், கையில் நிறைந்த கிளாசோடு.

"குடுங்கண்ணே," என்றான் அவன் மெதுவாக. கண் சிவந்திருந்தது. "பஸ்ஸு போயிரும்."

"போகட்டும்."

"ஏண்ணே வம்பு பண்றீங்க?"

"உனக்குத் தரமாட்டன். எனக்கும் வேண்டாம்."

"கீழே ஊற்றிவிடு அப்படியானால்," என்றார் கந்தோர்க்காரர் ஒருவர், எரிச்சலோடு. பிரதம லிகிதர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சாராயத்தை நிலத்தில் ஊற்றுவதா, இந்த மேசையில்? வெயிற்றர் மேசையைத் துடைக்க வந்தவர் துணியோடு நின்றார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். பிரதம லிகிதர் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதாவது விளங்குகிறது என்று நினைத்தேன். அவருடைய கண்களில் ஏதோ ஒன்று அசையத்தான் செய்தது. பிறகு பெருமூச்சு விட்டு, தன் கதிரையை இழுத்து மறுபடி உட்கார்ந்தார்.

"மச்சான் இன்னும் முடிக்கவில்லை," என்று மற்றவர்களிடம் சொன்னார். "அவனைத் தனியே விட்டுப் போக முடியுமா? இருங்கள்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பன்விலக்காரனும் உட்கார்ந்தான். அவர் வெயிற்றரைக் கூப்பிட்டு இன்னொரு போத்தல் கொண்டுவரச் சொன்னார்.